ஓஎல்இடி திரை: புதுப்பிப்பைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: சார், என் போன் திரையின் புதுப்பிப்பு வீதம் 1 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒரு முறை, வரைக்கும் இறங்கும் என்கிறார்கள். அப்படியானால் நொடிக்கு ஒரு முறை திரை மின்னி அணைய வேண்டாமா?

மின்னாது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு குட்டி மின்தேக்கி இருக்கிறது. தானே ஒளிரும் ஓஎல்இடிக்கு மின்னோட்டம் கொடுக்கும் டிரான்சிஸ்டரின் கேட் (எவ்வளவு மின்னோட்டம் போகும் என்று தீர்மானிக்கும் முனை) மின்னழுத்தத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கும். அந்த மின்னழுத்தம் நிற்கும் வரை பிக்சல் எரிந்துகொண்டே இருக்கும். புதுப்பிப்பு என்பது அந்த மின்தேக்கியை மறுபடி நிரப்புவது, அவ்வளவுதான்.

சிக்கல் கசிவில் இருக்கிறது. பழைய எல்டிபிஎஸ் (சிலிக்கானால் ஆன) டிரான்சிஸ்டர் வேகமானது, ஆனால் அணைத்த பிறகும் கொஞ்சம் கசியும். 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி நொடி தாங்கினால் போதும் என்பதால் அது தெரியாது. ஒரு முழு நொடி விட்டால் வெளிச்சம் மெல்லச் சரிந்து, நிரப்பும்போது எகிறும். கண்ணுக்கு அது துடிப்பாகத் தெரியும். உலோக ஆக்சைடால் ஆன டிரான்சிஸ்டரில் கசிவு மிகக் குறைவு. கசியக்கூடாத சுவிட்ச் இடத்தில் ஆக்சைடு, மின்னோட்டம் தரும் இடத்தில் எல்டிபிஎஸ் என்று கலந்ததுதான் எல்டிபிஓ. ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 (2018) இதோடு வந்தது. எப்போதும் எரியும் திரையும் 1 ஹெர்ட்ஸும் சீரிஸ் 5-இல் (2019). ஐபோன் 13 ப்ரோ 10 ஹெர்ட்ஸோடு நின்றது, 14 ப்ரோ 1-ஐத் தொட்டது.

கேள்வி: 120-இலிருந்து 60-க்கு மாற்றினால் திரைச் செலவு பாதியாகுமா?

ஆகாது. திரையின் செலவு இரண்டு கணக்கு. ஒன்று, வெளிச்சத்துக்குப் போகும் மின்சாரம். இன்னொன்று, படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு: ஜிபியு (படம் வரையும் சிப்) வரைவது, மெமரியிலிருந்து எடுப்பது, திரையை ஓட்டும் டிரைவர் சிப்புக்கு அனுப்புவது, நெடுவரிசைக் கம்பிகளை ஏற்றி இறக்குவது. புதுப்பிப்பு வீதத்தோடு சேர்ந்து குறைவது இரண்டாவது கணக்கு மட்டுமே.

வெயிலில் முழு வெளிச்சத்தில் வெள்ளைப் பக்கம் படிக்கிறீர்கள் என்றால் முதல் கணக்குதான் பெரியது. வீதத்தைக் குறைத்து அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. இரவில் மங்கலான கடிகாரம் மட்டும் எரியும் திரையில் நிலைமை தலைகீழ். டார்க் மோடுக்கும் இதே நியாயம்: அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்தபோது, 30–50% வெளிச்சத்தில் 3–9% மிச்சம், முழு வெளிச்சத்தில் 39–47%. ஆகவே முதலில் வெளிச்சம், அடுத்து நிறம், அதற்கப்புறம்தான் ஹெர்ட்ஸ்.

கேள்வி: மாறிய பிக்சலை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை அப்படியே விட முடியாதா?

தனி பிக்சலாக முடியாது. பிக்சலில் எழுத வழி திறக்கும் கேட் கம்பி முழு வரிசைக்கும் பொது. அதைத் திறந்தால் அந்த வரிசையில் உள்ள எல்லாப் பிக்சலும் திறக்கும். அதனால் பேனலுக்குள் தவிர்க்க முடிந்தது வரிசைகளை மட்டுமே. மேலே வீடியோ, கீழே அசையாத எழுத்து என்று இரு பட்டைகளுக்கு இரு வீதம் கொடுக்கலாம்தான். ஆனால் கசிவு சரியாக ஈடுகட்டப்படாவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும்.

பிராசஸரிலிருந்து டிரைவர் சிப்புக்கு அனுப்பும் வேலை வேறு. அங்கே மாறிய செவ்வகத்தை மட்டும் அனுப்பலாம். படத்தைச் சுருக்கி அனுப்பும் திரைகளில் அந்தச் செவ்வகம் சுருக்கத் துண்டின் எல்லையோடு பொருந்த வேண்டும். பொருந்தாத 10 பிக்சல் மாற்றத்துக்கும் முழுத் துண்டு போகும்.

கேள்வி: அண்ணே, இஎஸ்பி32 (குட்டிக் கணினி சிப்), எஸ்எஸ்டி1306 டிரைவர் சிப் உள்ள 0.96 அங்குல ஓஎல்இடி திரை, பேட்டரிக் கடிகாரம். எண்களை மட்டும்தான் அனுப்புகிறேன். ஆனாலும் பேட்டரி நிற்கவில்லை.

தம்பி, நீங்கள் மிச்சப்படுத்தியது கம்பியில், செலவாவது கண்ணாடியில். இது பேசிவ் மேட்ரிக்ஸ். பிக்சலுக்குள் மின்தேக்கி கிடையாது. 64 வரிசைகளையும் சிப்பே தன் 1024 பைட் ராமிலிருந்து ஓயாமல் ஓட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் எதுவும் அனுப்பாவிட்டாலும் ஓட்டும்.

பகுதி அனுப்புதல் வீண் என்று சொல்லவில்லை. சிப்புகளை இணைக்கும் 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி கம்பியில் பைட்டுக்கு 9 துடிப்பு. முழுத் திரைக்குக் குறைந்தது 23 மில்லி நொடி. 64 நெடுவரிசை, 2 பேஜ் (ஒரு பேஜ் 8 வரிசை உயரம்) என்றால் 128 பைட், சுமார் 3 மில்லி நொடியில் முடிந்து இஎஸ்பி32 தூங்கப் போகலாம். சிப்புக்குத் தர வேண்டிய கட்டளைகள்: ஹெக்ஸ் 20-க்குப் பின் 00, பிறகு ஹெக்ஸ் 21-இல் நெடுவரிசை தொடக்கமும் முடிவும், ஹெக்ஸ் 22-இல் பேஜ் தொடக்கமும் முடிவும், அப்புறம் டேட்டா. அடுத்து முழுத் திரை அனுப்பும் முன் எல்லையை 0–127, 0–7 என்று திரும்ப வையுங்கள். மறந்தால் மொத்தப் படமும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சுருண்டு குப்பையாகும். எஸ்எஸ்டி1306 என்று விற்றது எஸ்எச்1106 ஆக இருந்தால் இந்த முறையே வேலை செய்யாது. பேஜ் பேஜாகத்தான் எழுத வேண்டும், அதன் ராம் 132 நெடுவரிசை என்பதால் படம் பெரும்பாலும் 2 பிக்சல் தள்ளி நிற்கும்.

பேட்டரிக்கு மருந்து வேறு: காண்ட்ராஸ்ட்டை (ஹெக்ஸ் 81) குறையுங்கள், கறுப்புப் பின்னணியில் மெல்லிய எண் போடுங்கள், பார்க்காத நேரத்தில் திரையை அணையுங்கள். அணைத்தாலும் ராம் அழியாது, எழுப்பும்போது மறுபடி அனுப்ப வேண்டாம். அப்புறம், அந்தப் போர்டில் எரியும் சிவப்பு பவர் விளக்கையும் பாருங்கள். தூங்கும் இஎஸ்பி32-ஐ விட அது அதிகம் குடிக்கும்.

கேள்வி: லினக்ஸ் லேப்டாப், இன்டெல் கிராபிக்ஸ், ஓஎல்இடி பேனல். மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது, சில இடங்களில் பழைய படம் ஒட்டிக்கொள்கிறது.

பேனல் தானே புதுப்பிக்கும் வசதியின் இரண்டாம் தலைமுறை, அதாவது பிஎஸ்ஆர்2, மேல் முதலில் சந்தேகப்படுங்கள். மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது அதுதான். எந்தப் பகுதி மாறியது என்ற கணக்கு பிசகினால் பழைய துண்டு ஒட்டும். இன்டெல் கிராபிக்ஸை ஓட்டும் ஐ915 டிரைவர் மென்பொருளின் பிஎஸ்ஆர் அளபுருவை எடுத்தவுடன் 0 ஆக்கி முழுவதும் அணைக்காதீர்கள். 1 என்று வைத்தால் முதல் தலைமுறை மட்டும் ஓடும். அசையாத திரையில் கிடைக்கும் மிச்சத்தில் பெரும்பகுதி தங்கும். அதிலும் சரியாகாவிட்டால் 0.

கேள்வி: நான் எழுதும் ஆண்ட்ராய்டு செயலியில் திரை அசையவே இல்லை, ஆனாலும் 120-லேயே நிற்கிறது.

ஏதோ ஒன்று வரைந்துகொண்டிருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் புதுப்பிப்பு வீதத்தைக் காட்டுவதையும், திரைப்பரப்பு மாறும்போது மின்னிக் காட்டுவதையும் போட்டுப் பாருங்கள். வழக்கமான குற்றவாளி, கண்ணுக்குத் தெரியாமல் சுற்றும் லோடிங் வளையம். செவ்வகம் கொடுத்து இன்வாலிடேட் செய்வதை (அந்த இடத்தை மட்டும் திரும்ப வரையச் சொல்வதை) நம்ப வேண்டாம், ஏபிஐ 21 (ஆண்ட்ராய்டு 5.0)-இலிருந்து அந்தச் செவ்வகம் கணக்கிலேயே இல்லை. வீடியோ என்றால் ஆண்ட்ராய்டு 11-இல் வந்த செட்பிரேம்ரேட் மூலம் 24 அல்லது 30 என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒன்று விட்டு ஒரு பிக்சலை அணைத்து பேட்டரி சேமிக்கும் செயலிகள் உண்மையா?

ஓஎல்இடியில் அணைந்த பிக்சல் வெளிச்சத்துக்கு மின்சாரம் எடுக்காது, அதனால் பொய் இல்லை. ஆனால் பாதிப் பிக்சல் போனால் வெளிச்சமும் பாதி போகும். அதை வெளிச்சப் பட்டையைக் குறைத்தே செய்யலாம், எழுத்தும் உடையாது. மேலே விரிக்கும் கறுப்பு வலையைச் சேர்த்து வரைவதற்கும் கொஞ்சம் செலவு உண்டு. வலை இடம் மாறாமல் நின்றால் எரியும் பிக்சல்கள் மட்டும் தேய்ந்து, பின்னாளில் கட்டம் தெரியும். குறைந்தபட்ச வெளிச்சமே கண்ணைக் கூசும் போனில், இருட்டில் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.