டோசிங் பம்பு ஓடுகிறது, உரம் போகவில்லை

கேள்வி: குலசேகரம் பக்கம் 2 ஏக்கரில் ஏத்தனும் செந்துளுவனுமாக வாழை நிற்கிறது. சொட்டுநீரில் உரம் விடும் டோசிங் பம்பு 'டிக் டிக்' என்று ஓடுகிறது, டேங்கில் கரைசல் குறையவில்லை. கடைக்காரர் சொன்னபடி கால்சியம் நைட்ரேட்டையும் 12-61-0 என்ற பாஸ்பேட் உரத்தையும் ஒன்றாகக் கரைத்துத்தான் விடுகிறேன். பம்பு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். குலை தள்ளும் நேரம், பயமாக இருக்கிறது. வாங்கிவிடவா?

பதில்: வாங்காதீர்கள். மோட்டாரை நிறுத்தி, லைனில் அழுத்தம் இறங்கியதும் டோசிங் பம்பின் வெளிக்குழாயைக் கழற்றி ஒரு கப்பில் விடுங்கள். உறிஞ்சும் குழாயை ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டு, ஸ்ட்ரோக்கை (ஒரு தள்ளலுக்கு எவ்வளவு என்று வைக்கும் திருகை) முழுசாக வைத்து ஓட்டுங்கள். தண்ணீர் வந்தால் பம்பு நலம். டேங்கின் அடிச் சல்லடையையும் லைனில் உரம் நுழையும் இடத்து வால்வையும் பாருங்கள். வராவிட்டால் பம்புத் தலையின் மேலும் கீழும் உள்ள வால்வுகளைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சின்ன உருண்டை இருக்கும். அது உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உருண்டை சரியாக அடைக்காது, இழுத்த கரைசல் அப்படியே திரும்பிவிடும். வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள், ஊசியால் சுரண்ட வேண்டாம். கழற்றிய திசை மாறாமல் மாட்டுங்கள். தலைக்குப் பின்னால் சொட்டினால் டயாபிராம் (கரைசலைத் தள்ளும் சவ்வு) கிழிந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும்.

எனக்குக் கவலை உங்கள் டேங்கைப் பற்றித்தான். கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரே டேங்கில் சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பொடியாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய உரம் வாழைக்குப் போகாமல் வால்வில் படிகிறது, அடுத்து சொட்டுவானில் படியும். பம்பையாவது மாற்றலாம், 2 ஏக்கர் சொட்டுவானையும் மாற்றுவீர்களா? சல்பேட் உரங்களும் கால்சியத்தோடு ஆகாது. 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்), யூரியா சேரலாம். கால்சியத்துக்குத் தனி நாள் வையுங்கள். சந்தேகமென்றால் கண்ணாடி பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், கலங்கினால் டேங்கில் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் உரம் விட்டபின் 15 நிமிடம் வெறும் தண்ணீர் ஓடட்டும்.

இன்னொன்று, 12-61-0 இளம் கன்றுக்குரிய உரம். குலை தள்ளும் வாழை கேட்பது பொட்டாஷ். சேரக்கூடாத இரண்டைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, அடைத்ததும் புதுப் பம்பு விற்கப் பார்க்கிற கடையில் உரம் வாங்குங்கள், யோசனை வாங்காதீர்கள்.

பம்பு சரியானதும் அளவுக் குவளையிலிருந்து 1 நிமிடம் உறிஞ்சவிட்டு, குறைந்த அளவை 60-ஆல் பெருக்குங்கள், மணிக்கு எவ்வளவு போகிறதென்று தெரியும். போகாமல் விட்ட உரத்தையெல்லாம் ஒரே நாளில் கொட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், வேர் கருகிவிடும்.