வெனிஸில் பாலத்தை எண்ணிவிட்டு ஹோட்டல் போடுங்கள்

கேட்கப்பட்ட கேள்வி: "நவம்பர் மூன்றாவது வாரம் அம்மா அப்பாவுடன் வெனிஸ் போகிறோம், மூன்று நாள். ஊர் சின்னது என்கிறார்கள். படகுச் சீட்டெல்லாம் வாங்க வேண்டுமா, நடந்தே சுற்றிவிடலாமா?"

வாங்கிவிடுங்கள். பதில் அவ்வளவுதான். இதற்குக் கீழே இருப்பது பெரும்பாலும் என் வயிற்றெரிச்சல், நேரமிருந்தால் படியுங்கள்.

உங்கள் பெற்றோர் அறுபதைத் தாண்டியவர்கள், இருவரில் ஒருவருக்காவது முழங்கால் மக்கர் செய்யும், "அதெல்லாம் நடந்துருவேன்" என்று இப்போதே சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.

2023 மே மாதம். நான், மனைவி, கோவையிலிருந்து வந்திருந்த அம்மா, மூன்று பேர். மியூனிக்கிலிருந்து ரயில். முதல் தப்பு வெனிஸுக்குள் நுழைவதற்கு முன்பே நடக்க இருந்தது. 'வெனிஸியா மெஸ்த்ரே' என்று பலகையைப் பார்த்ததும் நான் சூட்கேஸை இறக்கிவிட்டேன். மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கும் ஊர். நாம் இறங்க வேண்டியது அதற்கு அடுத்து, கடல் மேல் பாலத்தைத் தாண்டி வரும் 'சாந்தா லூச்சியா'. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தோம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், நம்மூரில் ஆட்டோ ஸ்டாண்டு இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கிறது. அதுதான் கிராண்ட் கால்வாய். அம்மா வாயைப் பிளந்து நின்றுவிட்டார். நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வபொரெட்டோ என்பதுதான் அங்கே டவுன் பஸ். ஆனால் அது படகு. 75 நிமிடச் சீட்டு ஆளுக்கு 9.50 யூரோ. மூன்று பேருக்கு 28.50. அன்றைய விலைக்கு ரூபாயில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். ஹோட்டல்காரர் தன் பக்கத்தில் 'ஸ்டேஷனிலிருந்து 15 நிமிட நடை' என்று போட்டிருந்தார். மேப்பும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. "ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், பேசிக்கிட்டே போயிரலாம்" என்றேன்.

மேப் பொய் சொல்லவில்லை. அது பாலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள். அடியில் படகு போக வேண்டும் என்பதால் பெரும்பாலானவை நடுவில் தூக்கி, இரண்டு பக்கமும் படிக்கட்டாகவே இருக்கின்றன. சூட்கேஸின் சக்கரத்துக்கு அங்கே வேலையில்லை, ஏற்றத்திலும் தூக்க வேண்டும், இறக்கத்திலும் தூக்க வேண்டும். முதலில் வந்தது குல்யே பாலம், நாலு மூலையிலும் கூர்மையான கல் தூண் நிற்கும், அழகான பாலம். அதை அம்மா சிரித்துக்கொண்டே ஏறி இறங்கினார். இரண்டாவதில் கைப்பிடியைப் பிடித்தார். அதற்கடுத்ததில் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, இதுக்கு மருதமலைப் படியே ஏறியிருப்பேனே, புண்ணியமாச்சும் கெடைச்சிருக்கும்."

இரண்டு சூட்கேஸையும் ஒவ்வொரு பாலத்துக்கும் நான் இரண்டு நடை தூக்கினேன். சரி, எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டோம், ஹோட்டலைக் காணோம். அந்த ஊர் முகவரி ஒரு தனிக் கதை. ஊரை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: கன்னாரெஜோ, காஸ்தெல்லோ, சான் மார்கோ, தொர்சொதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. கதவு எண் தெருவுக்குக் கிடையாது, பகுதி முழுமைக்கும் ஒரே வரிசை, ஆயிரக்கணக்கில் போகும். நம்மூர் 'பழைய எண், புதிய எண்' எவ்வளவோ தேவலை. எங்களிடம் இருந்தது 'கன்னாரெஜோ' என்ற பெயரும் நாலு இலக்க எண்ணும் மட்டும். சந்துக்குள் போனதும் போனின் நீலப் புள்ளி தடுமாறியது. ஒருமுறை நேராகத் தண்ணீர் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தி "தொடர்ந்து நடக்கவும்" என்றது. புக்கிங் செய்யும்போதே சந்தின் பெயரை ஹோட்டல்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

15 நிமிடம் என்றது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறுநாள் காலை காபி வாங்க வெளியே போனேன். ஹோட்டல் சந்திலிருந்து ஸ்த்ராதா நோவா என்ற அகலமான தெரு, அதைக் குறுக்கே தாண்டினால் ஒரு சின்னச் சந்து, அதன் முனையில் படகு நிறுத்தம். 'கா தோரோ'. வழியில் ஒரு பாலம்கூட இல்லை. ஸ்டேஷன் வாசலில் 1ஆம் எண் படகில் ஏறியிருந்தால் நாலாவது நிறுத்தம். மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இதற்கிடையில் அம்மா பாலத்தில் உட்கார்ந்திருந்த படத்தை நானே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன், படம் நன்றாக வந்திருந்ததே என்று. உடனே அக்கா: "அம்மாவை இப்படி நடக்க வச்சே கொல்றியா? காசு மிச்சம் பண்றதுக்கா?" கீழே சித்தப்பா, மாமா, வரிசையாக. காசு விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள் என்று மூன்று வருஷமாக போனில் கத்திக்கொண்டிருந்தவன் நான். அக்கா இருப்பது அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில். வெளிநாட்டில் இருப்பவன் செய்தால் ஊதாரி, செய்யாவிட்டால் கஞ்சன், அம்மாவைக் கூட்டிப்போனால் கொலைகாரன். விசா பேப்பருக்கு நான் அலைந்த அலைச்சலை எந்த குரூப்பிலும் யாரும் படம் போடவில்லை. சரி, இது உங்கள் கேள்வியில் இல்லாதது, விடுங்கள்.

அன்றே 48 மணி நேரப் பாஸ், ஆளுக்கு 35 யூரோ, மூன்று பேருக்கு 105. 28.50ஐ மிச்சம் பிடித்தவனின் லட்சணம். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் நிறுத்தத்தில் இருக்கும் வெள்ளைப் பெட்டியில் காட்டி 'பீப்' வாங்க வேண்டும், மறந்தால் அபராதம்.

அதற்குப் பிறகுதான் வெனிஸ் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். 1ஆம் எண் கால்வாய் நெடுக எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகும், 2ஆம் எண் நிறுத்தம் குறைவு, வேகம் அதிகம். அவசரமில்லாதவர்கள் 1ஐ எடுங்கள். முன்பக்கம் வெளியே இருக்கை உள்ள படகு வந்தால் அதை விடாதீர்கள். அம்மா அந்த இருக்கையில் இருந்து எழவே மறுத்துவிட்டார். மாளிகை மாளிகையாகத் தண்ணீரிலிருந்தே கிளம்பி நிற்கிறது, வாசற்படி தண்ணீருக்குள் இறங்குகிறது. ரியால்தோ பாலத்துக்கு அடியில் போகும்போது, 1591இல் கட்டி முடித்தது, இத்தனை காலம் தாங்குது என்றேன். "ஏற வேண்டாமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

கால்வாயின் முடிவில் பெரிய கும்மட்டத்தோடு ஒரு தேவாலயம், சாந்தா மரியா தெல்லா சலூத்தே. 1630இல் ஊரைக் கொள்ளை நோய் வாரிக்கொண்டு போனபோது, நோய் நின்றால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டு கட்டியது என்றேன். அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "நம்ம பிளேக் மாரியம்மன் மாதிரி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோவைக்காரர்களுக்குப் புரியும். நீங்கள் போகும் வாரத்தில் நவம்பர் 21 வந்தால் அங்கே திருவிழா, கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலமே போடுவார்கள்.

நடந்தால்தான் வெனிஸ், தொலைந்தால்தான் வெனிஸ் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தொலைந்து பாருங்கள், நானும் இரண்டு நாள் விடிகாலையில் தனியாகத் தொலைந்தேன், அருமையாக இருந்தது. மூலைக்கு மூலை 'சான் மார்கோ', 'ரியால்தோ' என்று மஞ்சள் பலகை அம்புக்குறி காட்டும், சில இடத்தில் இரண்டு பக்கமும் காட்டும். 'ரியோ தெரா' என்று பெயர் பார்த்தால் அது தூர்த்த கால்வாய், அந்த நீளத்துக்குப் படி இருக்காது. இதெல்லாம் சரி, உங்கள் முழங்காலுக்கு இருபத்தைந்து வயது. படகுக் கம்பெனி எனக்குக் காசு கொடுக்கவில்லை.

கோண்டோலா பற்றி உங்கள் அம்மா கண்டிப்பாகக் கேட்பார். நாங்கள் போனபோது அரை மணி நேரத்துக்கு 80 யூரோ, பிறகு 90 ஆக்கிவிட்டார்கள். நான் ஏறவில்லை, கஞ்சன்தான். ஆனால் கிராண்ட் கால்வாயைக் கடக்க மொத்தமே நாலு பாலம்தான் என்பதால், நடுவில் சில இடத்தில் 'த்ரகெத்தோ' என்று பரிசல் துறை மாதிரி வைத்திருக்கிறார்கள். அதே கோண்டோலா ஜாதி, அலங்காரம் இல்லாதது, முன்னும் பின்னும் இரண்டு பேர் துடுப்பு போடுவார்கள். ஆளுக்கு 2 யூரோ. எங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே சாந்தா சோஃபியாவில் ஏறி அக்கரையில் மீன் மார்க்கெட்டில் இறங்கினோம். உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே போகிறார்கள். அம்மாவும் நின்றார். நான் உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் என்பதால் ஒன்று. அது வெள்ளக் காலம். 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறியது. 2020இலிருந்து மோசே என்ற தடுப்புக் கதவுகள் இருப்பதால் பெரும் வெள்ளம் பயமில்லை, ஆனால் சான் மார்கோ சதுக்கம் பள்ளம், கொஞ்சம் ஏறினாலே அங்கே கால் நனையும். பெரியவர்களுக்கு வழுக்காத செருப்பு எடுங்கள். 2024இலிருந்து வசந்த காலத்திலும் கோடையிலும் சில நாட்களுக்கு, பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். எந்தெந்த நாள் என்று கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

ஹோட்டல் போட்டாயிற்றா? பகுதியின் பெயரும் பக்கத்துப் படகு நிறுத்தமும் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். நிறுத்தத்திலிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்று மேப்பில் எண்ணிச் சொல்கிறேன், இப்போது எனக்கு அதுதான் பொழுதுபோக்கு.