கேட்டால் சொல்வார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணையக் கட்டுரைகளைச் சுற்றி மொய்க்கும் விளம்பரங்களையும் பக்கப்பட்டைகளையும் மறைத்து, எழுத்தை மட்டும் பெரிதாகக் காட்டும் ஓர் உலாவி நீட்டிப்பை (குரோம் போன்ற இணைய உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை) இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதி, குரோம் வெப் ஸ்டோரில் இலவசமாக வைத்தேன். இன்று 1,800 பேர் பயன்படுத்துகிறார்கள். ஓராண்டாக அந்த எண் நகரவில்லை. நாள்தோறும் சிலர் நிறுவுகிறார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் நீக்கிவிடுகிறார்கள்.

“யார், எந்தத் தளத்தில், எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்றே தெரியாமல் எப்படி வளர்ப்பாய்? கண்காணிப்பு நிரல் ஒன்றைச் சேர். பெயரை எடுக்காதே, ஆளுக்கொரு எண் கொடு, போதும்” என்கிறார் நண்பர். இதற்கிடையே முன்பின் தெரியாத ஒருவர் நீட்டிப்பை விலைக்குக் கேட்டு எழுதியிருக்கிறார். பயனர்களின் அந்தரங்கத்தைத் தொடாமல் ஒரு நீட்டிப்பை வளர்க்க முடியுமா? அல்லது இது என் வறட்டுப் பிடிவாதமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் உங்கள் நண்பர் சொன்ன ‘ஆளுக்கொரு எண்’ என்பதை முதலில் பேசிவிட வேண்டும். நல்லெண்ணம் கொண்ட நிரலாளர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான்.

2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 6,50,000 பயனர்களின் தேடல் சொற்களைப் பொதுவில் வெளியிட்டது. பெயர்களை நீக்கிவிட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தது. சில நாட்களிலேயே செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை வரிசையாகப் படித்து, அவற்றைத் தேடிய பெண்மணி யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் தன் ஊரில் உள்ளவற்றைத் தேடுகிறார், தன் குடும்பப் பெயரைத் தேடுகிறார், தன் நோயைத் தேடுகிறார். மூன்றையும் ஒரே எண் கோத்துக் கொடுத்தால் பெயர் எதற்கு? தேடல் சொற்களுக்கே இந்தக் கதி. உங்கள் நீட்டிப்போ முழுப் பக்கத்தையும் பார்க்கிறது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு நீட்டிப்பு, பிழை நேரும்போது அந்தப் பக்கத்தின் முகவரியை எனக்கு அனுப்பும். பிழையைத் திருத்த அது வேண்டும் என்று உண்மையாகவே நம்பினேன். ஒரு நாள் அந்தப் பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு முகவரியின் வாலில் தேடல் சொற்கள் ஒட்டியிருந்தன. இரண்டாவது கருச்சிதைவுக்குப் பின் எத்தனை நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்று யாரோ கேட்டிருந்தார். அவர் என்னிடம் கேட்கவில்லை. நான் அங்கே இருக்கிறேன் என்பதே அவருக்குத் தெரியாது. அன்றே எல்லாப் பதிவுகளையும் அழித்தேன். அந்த வரியை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்தப் பதிவுகள் பிழையைத் திருத்தவும் பெரிதாக உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாம் அறிய வேண்டியது கருவி எங்கே உடைகிறது என்பதை. பயன்படுத்துபவர் யார் என்பது அதற்குத் தேவைப்படுவதில்லை.

உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், ஆனால் தங்குவதில்லை. குரோமின் நிரலாளர் பக்கத்தில் நிறுவல், நீக்கல், வாராந்தரப் பயனர்கள், நாடு, மொழி எல்லாம் மொத்தக் கணக்காகவே கிடைக்கின்றன. கடைப்பக்கத்தைப் பலர் பார்த்தும் சிலரே நிறுவினால் குறை அறிமுகத்தில் இருக்கும். நிறுவலும் நீக்கலும் சமமாக இருந்தால் குறை பெரும்பாலும் முதல் சில நிமிடங்களில் இருக்கும். உங்களுடையது இரண்டாவது வகை. எனவே விளம்பரத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிற்காது.

போகிறவர்களிடம் கேளுங்கள். நீட்டிப்பு நீக்கப்பட்டதும் ஒரு பக்கம் தானாகத் திறக்கும்படி செய்ய உலாவியிலேயே வசதி உண்டு. அந்த முகவரியில் பயனர் எண் எதையும் ஒட்டாதீர்கள். நீட்டிப்பின் பதிப்பு எண் போதும். பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பெட்டி: “எது சரியாக இல்லை?” மின்னஞ்சல் கேட்காதீர்கள், நட்சத்திரங்கள் வேண்டாம், ‘போகாதீர்கள்’ என்ற கெஞ்சல் அறவே வேண்டாம். பலர் மூடிவிட்டுப் போவார்கள். எழுதுகிற சிலர் போதும்.

நான் அப்படிக் கேட்டபோது அடிக்கடி வந்த பதில் என்னைத் திகைக்க வைத்தது: “பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.” குரோமில் புதிதாக நிறுவும் நீட்டிப்புகள் புதிர்த்துண்டு வடிவக் குறிக்குள் மறைந்துகொள்கின்றன. பயனரே அதைத் திறந்து ஊசி குத்தி வைத்தால்தான் பொத்தான் வெளியே நிற்கும். நமக்குப் பழகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை. நிறுவியதும் ஒரு வரவேற்புப் பக்கத்தைத் திறந்து, ஒரே படத்தில் அதைக் காட்டுங்கள். கூடவே ஒரு விசைக் குறுக்குவழியும் கொடுங்கள். எந்தக் கண்காணிப்பு நிரலும் இதைச் சொல்லியிருக்காது. ‘ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை’ என்பதோடு அது நின்றிருக்கும்.

அடுத்தது அனுமதி. நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் இதனால் முடியும் என்ற எச்சரிக்கை உங்கள் நீட்டிப்பை நிறுவும்போது வருகிறதா? வந்தால் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் நியாயமானவர்கள். அவர்களைத்தான் நான் பயனர்களாகப் பெற விரும்புவேன். உங்கள் கருவி பொத்தானை அழுத்தும்போது மட்டுமே வேலை செய்கிறது என்றால் ‘ஆக்டிவ்டேப்’ என்ற அனுமதி போதும். பயனர் அழுத்திய அந்தப் பக்கத்துக்கு மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும் அது திறக்கும். நிறுவும்போது எச்சரிக்கையே வராது. குறிப்பிட்ட ஒரு தளத்தில் எப்போதும் தானாகவே இயங்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அந்தத் தளத்துக்கு மட்டும் அப்போது கேளுங்கள். அதற்கு விருப்ப அனுமதி என்ற ஏற்பாடு இருக்கிறது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அனுமதியைக் குறைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. கூட்டினால் கதை வேறு. புதிய எச்சரிக்கையைக் கொண்டுவரும் அனுமதியைப் புதுப்பிப்பில் சேர்த்தால், பயனர் ஒப்புக்கொள்ளும்வரை குரோம் நீட்டிப்பை நிறுத்தியே வைக்கும். பிறகு தேவைப்படலாம் என்று இப்போதே எல்லாவற்றையும் கேட்டு வைக்கும் பழக்கம் இந்தப் பயத்தில்தான் பிறக்கிறது.

ஃபயர்ஃபாக்ஸ் என்ற இன்னோர் உலாவியிலும் வெளியிடுங்கள். உங்கள் நிரலில் சிறு மாற்றங்களே தேவைப்படும். 2025 நவம்பர் முதல் அங்கே வரும் புதிய நீட்டிப்புகள் எந்தத் தரவைத் திரட்டுகின்றன என்று அறிவிக்க வேண்டும், எதையும் திரட்டாவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். நிறுவும் நேரத்திலேயே பயனர் அதைப் பார்ப்பார். உங்கள் பிடிவாதம் உங்களுக்காகப் பேசும் இடம் அது.

எண்ணிக்கை ஏதாவது தெரிந்தே ஆக வேண்டும் என்ற நிலை வரலாம். உதாரணமாக, உரக்க வாசிக்கும் வசதி ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள், பராமரிப்பது கடினமாக இருக்கிறது, எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய வேண்டும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி உண்டு. 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர், கூச்சம் தரும் கேள்விகளுக்கு மக்கள் தயங்காமல் பதில் சொல்ல ஓர் உத்தியை முன்வைத்தார். அதன் எளிய வடிவம் இது. சம்மதித்த பயனரின் உலாவிக்குள்ளேயே ஒரு நாணயம் சுண்டப்படுகிறது. தலை விழுந்தால் உண்மையான பதில் போகும். பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டி, அதில் விழுந்தபடி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ போகும். 1,000 பதில்களில் 400 ‘ஆம்’ வந்தன என்று கொள்வோம். ஏறக்குறைய 500 பேருக்குப் பூ விழுந்திருக்கும், அவர்களில் 250 பேர் நாணயத்தின் பேச்சைக் கேட்டு ‘ஆம்’ சொல்லியிருப்பார்கள். மீதி 150 ‘ஆம்’கள் உண்மை சொன்ன 500 பேரிடமிருந்து வந்தவை. ஆக 30 சதவீதம். உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது, ஆனால் குறிப்பிட்ட ஒருவரின் ‘ஆம்’ உண்மையா, நாணயம் சொன்னதா என்று உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒருவரிடம் ஒரு முறைதான் சுண்ட வேண்டும். நாள்தோறும் சுண்டினால் சில வாரங்களில் உண்மை கசிந்துவிடும். நூறு பதில்கள் மட்டும் வந்தால் பிழை மிக அதிகம், அந்த எண்ணை நம்பாதீர்கள். பதில் வந்து சேரும் வழங்கியில் (உங்கள் தரப்புக் கணினியில்) ஐபி முகவரியை, அதாவது பதில் எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்ணை, பதியாமல் இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, விலைக்குக் கேட்டவர். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்டிப்பை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2020இல் அது கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் என்று சொல்லிக் கூகுள் அதை நீக்கியது. உங்களைப் போன்ற ஒரு நீட்டிப்பின் நிரலைத் திறமையான ஒருவர் சில வாரங்களில் தானே எழுதிவிடுவார். வாங்க வருபவருக்கு வேண்டியது 1,800 உலாவிகளுக்குள் யாரையும் கேட்காமல் நுழையும் தானியங்கிப் புதுப்பிப்பு. அதை விற்கும் உரிமை உங்களுக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். உங்கள் நிரலாளர் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் ஏற்பாடு) இல்லை என்றால் இன்றே போட்டுவிடுங்கள். விலைக்குக் கிடைக்காததைத் திருடவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த வாரம் நீக்கல் பக்கத்தையும் வரவேற்புப் பக்கத்தையும் மட்டும் செய்யுங்கள். முப்பது, நாற்பது பதில்கள் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்