இரண்டு வகை ‘கோ’

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மெய்ப்புத் திருத்துபவன். ஒரு தொகுப்பு வேலைக்காக, நூற்றுக்கணக்கான கோப்புகளில் ‘கோயில்’ என்று வருவதையெல்லாம் ‘கோவில்’ என்று மாற்ற பைதான் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதினேன். பாதிதான் மாறியது. மாறாத இடங்களிலும் எழுத்துப்பிழை இருப்பதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் குறிக்கும் சொல்லெல்லைக் குறி போட்டு ‘கல்’லைத் தேடினால் ‘கல்வி’யில் போய் நிற்கிறது. என்ன கோளாறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோப்புகளில் இரண்டு வகை ‘கோ’ இருக்கக்கூடும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம்; ஏகாரக் குறி, துணைக்கால் என்று பிரித்தும் போடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கணினி எண்களை ஒப்பிடுவதால் அதற்கு அவை வெவ்வேறு. கோப்பைப் படித்தவுடன் இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள். பைதானில் அது ஒரு வரி வேலை. ஆனால் ‘கௌ’வை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் அதை என்எஃப்சி சரிசெய்யாது. அந்தப் பாவத்தைச் செய்யாதவர் நம்மில் குறைவு.

இன்னொன்று, ‘கோயில்’ என்று புள்ளியோடு தேடினால் ‘கோயிலுக்கு’, ‘கோயிலை’ இரண்டும் சிக்காது. அங்கே புள்ளி இருந்த இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது. புள்ளியை விட்டு ‘கோயில’ என்று தேடுங்கள், எல்லா வேற்றுமையும் வலையில் விழும்.

‘கல்’ விஷயத்தில் பழி பைதான் மேல். வடிவம் சொல்லித் தேட உதவும் அதன் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதி புள்ளியைச் சொல்லின் பகுதியாகவே எண்ணுவதில்லை. அதனால் ‘கல்வி’யில் புள்ளிக்கும் வகரத்துக்கும் நடுவே சொல் முடிவதாக நினைத்துக்கொள்கிறது. தனியாக நிற்கும் ‘கல்’லுக்குப் பின்னாலோ எல்லையே தென்படாது. கேட்டதற்கு நேர் எதிர்! சொல்லெல்லைக் குறியை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ இருக்கக்கூடாது என்று நிபந்தனை வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் உடனே மாற்றிவிடாதீர்கள். மேற்கோள், நூல் தலைப்பு, ஊர்ப்பெயர் எல்லாவற்றிலும் ‘கோயில்’ வரும். அவற்றில் கைவைக்க உங்களுக்கு உரிமையில்லை. முதல் ஓட்டத்தில் ஸ்கிரிப்ட் எதையும் எழுதாமல் கோப்பின் பெயர், வரி எண், அந்த வரி ஆகியவற்றை மட்டும் பட்டியலிடட்டும். மெய்ப்புப் பார்க்கிற கண்ணோடு அதைப் படித்து, விலக்க வேண்டியதைக் குறித்த பிறகு மாற்றியதை வேறொரு கோப்புறையில் எழுதச் சொல்லுங்கள்.

வேர்ட் கோப்புகளை இதில் சேர்க்க வேண்டாம். அவற்றின் வடிவமான டாக்எக்ஸ் (.docx) என்பது சுருக்கிக் கட்டிய பொட்டலம். அதை நேரடியாகத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முதலில் உரைக்கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.