ஃபிட்ஸ் வரும் பிள்ளைக்கு மனச்சோர்வா? கேள்வி பதில்

குழந்தைகள் நரம்பியல் பிரிவில் உளவியலாளராக இருக்கிறேன். பெற்றோர் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

மேடம், பையனுக்கு 14 வயது. மாத்திரையில் ஃபிட்ஸ் நின்று எட்டு மாதம் ஆகிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்று எதற்குப் பார்க்கிறார்கள்? அவன் அழுவதே இல்லையே.

இந்த வயதில் அழுகையைத் தேடாதீர்கள். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, விளையாடப் போகாமல் அறைக்குள்ளேயே கிடப்பது, இதெல்லாம்தான் முதலில் தெரியும், நாமும் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடுவோம். வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். சிலருக்கு முதல் வலிப்புக்கு முன்பே வந்திருக்கும், அதனால் ஃபிட்ஸ் நின்றதை வைத்து மனசும் சரியாகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

என்னதான் கேட்பார்கள்?

பெரும்பாலும் பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுப் படிவம்: கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்ணே நோய் ஆகிவிடாது. இதில் ஒரு சிக்கல், அசதியும் தூக்கமும் கவனக்குறைவும் வலிப்பு மாத்திரையாலும் வரும். அவற்றை மனச்சோர்வோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, வலிப்பு உள்ள 12 முதல் 17 வயதினருக்கென்றே என்.டி.டி.ஐ-இ-ஒய் என்ற 12 கேள்விப் படிவம் இருக்கிறது.

லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை தொடங்கியதிலிருந்து மகளுக்கு ஒரே கோபம். நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எப்போது மாறினாள் என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. வலிப்பு மருந்துகள் தற்கொலை எண்ணத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2008-லேயே எச்சரித்தது, ஆனால் அது கவனித்துப் பார்க்கச் சொன்னதுதான், மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னதில்லை.

சாகிற எண்ணம் வருகிறதா என்று கேட்டால், நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. கேட்காமல் விடுவதுதான் பயம். ஆனால் அம்மா பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையும் 'இல்லை' என்றுதான் சொல்லும் (உங்கள் பிள்ளையும்தான்), அதனால்தான் பத்து நிமிஷம் வெளியே இருக்கச் சொல்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டில் சொல்வேன் என்று அவர்களிடம் முன்பே சொல்லிவிடுவேன். ராத்திரியில் அவசரம் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ள எதையாவது கையில் எடுத்துவிட்டார்கள் என்றால் போன் போட்டுக்கொண்டு இருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

மனச்சோர்வு மாத்திரை ஃபிட்ஸைக் கிளப்புமாமே?

புப்ரோபியான், க்ளோமிப்ரமின் போன்றவற்றைத் தவிர்ப்போம். ஃப்ளூஆக்ஸெட்டின் வகை வழக்கமான அளவில் பொதுவாகப் பிரச்சினை செய்வதில்லை, நரம்பியல் டாக்டருக்கும் தெரிந்திருந்தால் போதும்.