மைதானத்தில் கற்றுக்கொண்ட எந்தத் தலைமைப் பாடம் வேலையில் உங்களுக்கு நிஜமாகவே கைகொடுத்தது?

நடப்பதற்கு முன்னாடி பேசு, நடந்த பின்னாடி கத்தாதே. எனக்குக் கைகொடுத்தது இந்த ஒன்றுதான். ஆனால் இது மண்டையில் ஏற இரண்டு முறை அடிபட வேண்டியிருந்தது, ஒரு முறை மைதானத்தில், ஒரு முறை வேலையில்.

நான் பெங்களூர் அல்சூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். கூப்பிடு தூரத்தில் கௌதமபுரம். பீலேவுக்குச் சிலை வைத்திருக்கும் பேட்டை அது. தமிழ் பேசும் வீடுகள், சின்னச் சின்னச் சந்துகள், எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு பந்து காலில் வந்து மோதும். பதினேழு வயதிலிருந்து இருபத்தாறு வரை உள்ளூர் கால்பந்து கிளப் ஒன்றில் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவனாக, ஆடினேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை, லீக்கின் கீழ்ப் பிரிவோடு சரி. இப்போது பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில், கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷின்கள் கொண்ட, பதினைந்து பேர் வேலை செய்யும் லைனுக்கு நான் பொறுப்பு.

ஸ்டாப்பர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நம் ஆட்கள் எல்லோருடைய முதுகும் தெரியும். நடுவில் பந்தை வாங்குகிறவனுக்குத் தன் பின்னால் எவன் ஓடி வருகிறான் என்று தெரியாது, நமக்குத் தெரியும். அதனால் ஸ்டாப்பருக்குக் கால் எவ்வளவு முக்கியமோ வாயும் அவ்வளவு முக்கியம். நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். சத்தமாகக் கத்துகிறவன்தான் தலைவன் என்று நினைத்தேன். இருபது வயதில் கேப்டன் பட்டையும் கையில் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எங்கள் கோல்கீப்பருக்குப் பதினெட்டு வயது, அதுதான் அவனுக்கு மூன்றாவது ஆட்டம். மழை பெய்து மண் சேறாகக் கிடந்தது. இருபது கஜத்திலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் சும்மா உருட்டிவிட்ட பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து உள்ளே போனது. நான் நேராக அவன் முகத்துக்கு முன் போய், "கண்ண எங்கடா வச்சிருந்த?" என்று கத்தினேன். மைதானத்தைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அதற்கப்புறம் அவன் கோல் கோட்டை விட்டு ஓர் அடிகூட வெளியே வரவில்லை. ஓடி வந்து தட்டிவிட வேண்டிய பந்துக்கும் கோட்டிலேயே நின்றான். அப்படியே இன்னும் இரண்டு கோல் வாங்கினோம்.

எங்கள் கோச், ஐடிஐ என்ற தொலைபேசித் தொழிற்சாலையின் அணியில் ஆடி ஓய்வு பெற்றவர். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார். திட்டவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ கத்தினது பந்து உள்ள போறதுக்கு முன்னாடியா, போன பின்னாடியா?" நான் பதில் சொல்லவில்லை. "அவன் முன்னாடி மூணு பேர் நின்னாங்க. அந்தப் பையனுக்குப் பந்தே தெரியல. உனக்குத் தெரிஞ்சுது. அப்ப வாய மூடிட்டு இருந்தியே?"

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சியில் எனக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார். நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் இனி நடக்கப்போவதைப் பற்றி மட்டும்தான் சொல்ல வேண்டும். முடிந்துபோனதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். அன்று பதினொரு சுற்று ஓடினேன். அப்போதுதான் என் வாயிலிருந்து வருவதில் முக்கால்வாசி பழைய கணக்கு என்று எனக்கே தெரிந்தது. "ஏன்டா விட்ட", "சொன்னேன்ல", "பாத்து ஆட மாட்டியா". இதையெல்லாம் எடுத்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு மூன்று வாரம் கிட்டத்தட்ட ஊமையாக ஆடினேன். அப்புறம் மெதுவாக வேறு வார்த்தைகள் வந்தன. "பின்னாடி ஆள்." "டைம் இருக்கு, திரும்பு." "இடது பக்கம் நான் இருக்கேன்." எல்லாம் இரண்டு மூன்று சொல். அதற்குமேல் நேரம் கிடையாது.

அந்த நாட்களில் அண்ணன் எங்களுக்கு அடிக்கடி சொன்ன கதை 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், பிரான்சுக்கு எதிரான ஆட்டம், நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலை அன்று அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அண்ணன் அந்தக் கோலில் நிறுத்த மாட்டார். அதே ஆட்டத்தில் கிடைத்த இரண்டு பெனால்ட்டியையும் நாம் தவறவிட்டோம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பிரான்ஸ் அடித்து 2-1 என்று ஜெயித்தது. பெனால்ட்டியைத் தவறவிட்டவர்களில் ஒருவர் சைலன் மன்னா. 1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்திய அணியின் கேப்டன் அதே மன்னா. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். "மூணு வருஷம் அவரக் குத்திக் காட்டிக்கிட்டே இருந்திருந்தா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் டீ குடிக்கப் போய்விடுவார்.

சரி, வேலைக்கு வருகிறேன். மைதானத்தில் இவ்வளவு படித்தவன் வேலையில் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. லைன் பொறுப்பு கைக்கு வந்த முதல் வருஷம், பழையபடி கத்துகிறவனாகவே இருந்தேன். மேலே இருந்து தினமும் ரிஜெக்‌ஷன் கணக்கு, அதாவது தேறாத பீஸ் எத்தனை என்று, கேட்பார்கள். நான் அதை அப்படியே கீழே இறக்கி வைத்தேன்.

நடந்தது இதுதான். ஒரு பாகத்தில் 25 மில்லிமீட்டர் துளை, எச்7 டாலரன்ஸ். அதாவது 25.000-லிருந்து 25.021 வரை இருக்கலாம், இடையில் இருப்பது வெறும் 21 மைக்ரான். துளையைக் குடையும் போரிங் பாரில் இருக்கும் இன்செர்ட், அதாவது வெட்டும் முனை, தேயத் தேய துளை சின்னதாகிக்கொண்டே வரும். ஆபரேட்டர் அளந்து பார்த்து ஆஃப்செட்டில், அதாவது மெஷினுக்குக் கொடுக்கும் திருத்த அளவில், கொஞ்சம் கூட்ட வேண்டும். தருமபுரியிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு பையன், இரவு ஷிஃப்ட்டில் 0.010 என்று போடுவதற்குப் பதில் 0.100 என்று போட்டுவிட்டான். ஐந்து பீஸுக்கு ஒரு முறை அளக்க வேண்டும் என்பது விதி. அவன் அடுத்து துளையைச் சோதிக்கும் ப்ளக் கேஜை வைத்தபோது உள்ளே போகவே கூடாத நோ-கோ பக்கம் லொடக்கென்று உள்ளே விழுந்தது. சின்னதாக இருந்தால் இன்னொரு முறை ஓட்டிச் சரி செய்யலாம். பெரிதாகப் போன துளையை ஒன்றும் செய்ய முடியாது. ஐந்து பீஸும் காலி.

அவன் ஆஃப்செட்டைச் சரி செய்தான். ஐந்து பீஸையும் ட்ரேயின் அடியில் வைத்தான், ஷிஃப்ட் முடியும்போது எடுத்துவிடலாம் என்று. அதற்குள் ட்ரே பேக்கிங்குக்குப் போய்விட்டது. வாடிக்கையாளரின் அசெம்பிளியில் இரண்டு பீஸ் பிடிபட்டு அறுநூறு பீஸ் லாட் முழுக்கத் திரும்பி வந்தது. இரண்டு நாள், ஒவ்வொன்றாக எடுத்து அளந்தோம்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "போன வாரம் அந்த ஒடிசா பையன லைனே பாக்க நிக்க வச்சு கேட்டீங்கல்லண்ணா." சேற்றில் கோட்டோடு ஒட்டி நின்ற கோல்கீப்பர் பையன் அந்த நிமிஷம் என் கண்முன் வந்தான். ஐந்து பீஸ் போனது அவன் கை தவறியதால். அறுநூறு பீஸ் திரும்பி வந்தது என் வாயால். இதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டே காரியம் செய்தேன். லைனின் நடுவில் ஒரு சிவப்பு ட்ரே வைத்தேன். தப்பான பீஸைத் தானே கொண்டுவந்து அதில் வைப்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி "மெஷின் நின்னுடுச்சா?" என்பது. இரண்டாவது கேள்வி, "அடுத்த பீஸ் சரியா வர என்ன வேணும்?" காரணம் தேடுவதெல்லாம் மறுநாள், தனியாக, உட்கார்ந்து. இன்னொரு காரியம், ஷிஃப்ட் தொடங்குமுன் மெஷின் மெஷினாகப் போய் முன்கூட்டியே சொல்வது. "இந்த இன்செர்ட் இன்னும் இருபது பீஸ்தான் தாங்கும்." "இந்த மெட்டீரியல் கொஞ்சம் கடினம், முதல் மூணும் அளந்துடு." எங்கள் லைனில் கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் உண்டு. நீளமாகப் பேசினால் யாருக்கும் புரியாது. மைதானத்தில் பழகிய இரண்டு மூன்று சொல் கணக்கு இங்கே அப்படியே பொருந்தியது.

டொயோட்டா ஆலைகளில் ஆண்டான் என்று ஒரு முறை இருக்கிறது. பழுதைக் கண்டால் லைனில் நிற்கும் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இதைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கயிற்றைவிட இழுக்கும் கைதான் கண்ணில் பட்டது. இழுத்தால் என்ன ஆகுமோ என்று பயந்தால் எந்தக் கையும் மேலே போகாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவன் அவசரத்துக்காக மெஷின் கதவு திறந்தால் ஓட்டத்தை நிறுத்தும் இன்டர்லாக்கை பைபாஸ் செய்து, உள்ளே பீஸைப் பிடித்திருக்கும் சக் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டினான். அன்று ஷாப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன், இனியும் கத்துவேன். விரல் போவதற்கு முன் வரும் சத்தம் அது.

அந்தத் தருமபுரிப் பையனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி அழுத்தம் வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மன்னா கதையை அங்கே யாரிடமும் சொல்லவில்லை, மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் வேலை கற்றுக்கொடுத்தேன். இப்போது இரவு ஷிஃப்ட்டின் செட்டர் அவன்தான்.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தது. "அண்ணா, எட்டு பீஸ் போச்சு. என் தப்புதான், டூல் நம்பர் மாத்திப் போட்டுட்டேன். மெஷின நிறுத்திட்டேன். எட்டும் சிவப்பு ட்ரேல இருக்கு. புது டூல் போட்டு ஒண்ணு ஓட்டிப் பாத்துட்டேன், பத்து மைக்ரான்ல வருது. தொடரட்டுமா?"

"தொடரு" என்றேன். "முதல் அஞ்சையும் அளந்துக்கோ."

"அதுக்குத்தாண்ணா கேஜ எடுத்து வச்சிருக்கேன்" என்றான்.