கைப்பேசியில் படிப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் பல காலம் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். இப்போது தோட்டத்து மண்டபத்தில் வாரம் மூன்று மாலை இலவச வகுப்பு. பிள்ளைகள் வலையொளியிலும் (யூடியூப்) புலனக் குழுவிலும் (வாட்ஸ்அப்) படிப்பது பற்றிக் கேளுங்கள். கைப்பேசி ரிப்பேர் எனக்குத் தெரியாது.

சார், மகள் ஐந்தாம் ஆண்டு. தினமும் இரண்டு மணி நேரம் கணக்கு வீடியோ பார்க்கிறாள். சோதனையில் மட்டும் புள்ளி வரவில்லை. ஏன்?

பார்க்கிறாள் அம்மா, செய்யவில்லை. என் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். பின்னக் கூட்டலைத் திரையில் பார்க்கும்போது "தெரியும் சார், தெரியும் சார்" என்று தலையாட்டுவாள். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு 2/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னேன். 3/7 என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடுத்தவர் போடும் கணக்கு எப்போதும் சுலபமாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு சாராரை ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் படித்தபின் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் மகள் இருப்பது அந்த ஐந்தாவது நிமிடத்தில்.

இன்றைக்கே இதைச் செய்யுங்கள். வீடியோவில் கணக்கு வந்ததும் நிறுத்த வேண்டும், நோட்டில் தானே போட வேண்டும், பிறகுதான் ஓடவிட வேண்டும். மூன்று நாள் கழித்து அதே கணக்கை வீடியோ இல்லாமல் கொடுங்கள். இரண்டு மணி நேரம் வேண்டாம், இருபது நிமிடம் போதும்.

வீட்டில் ஒரே கைப்பேசி, வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார். டேட்டாவும் பத்தவில்லை.

வெள்ளைப்பலகையில் எழுதும் கணக்குக்கு வீடியோவின் படத்தரம் 360 வைத்தாலே தாராளம், 240-இலும் எழுத்து தெரியும். எங்காவது வைஃபை கிடைக்கும்போது வீடியோவை இறக்கி வையுங்கள். புலனத்தில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், பாதி டேட்டா காலை வணக்கப் படங்களுக்கே போகிறது. ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: இரவு ஒன்பதுக்குப் பயிற்சியைப் போட்டுவிட்டு, பத்துக்குள் அனுப்பு என்றால் தோட்டத்துப் பிள்ளை எங்கே போகும்?

எந்த ஆப் நல்லது சார்?

நோட்டுப் புத்தகம்.

பெற்றோர் குழுவைப் புலனத்தில் வைப்பதா, டெலிகிராமிலா?

புலனக் குழுவில் சேர்ந்தவர் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். டெலிகிராம் சேனலில் சேர்ந்தவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, பழைய பாடங்களும் வரிசையாகக் கிடக்கும். பாடத்துக்குச் சேனல், அரட்டைக்குக் குழு. எதில் வைத்தாலும் பிள்ளையின் மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) எண் தெரிகிற தாளைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) பாஸ்வேர்ட் மறந்துவிட்டது.

வகுப்பாசிரியரைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டு வலையொளிப் பாடங்கள் நம் பிள்ளைகளுக்குச் சரிவருமா?

எண் பாடத்துக்கு வேண்டாம். அங்கே 12,50,000 என்று எழுதிப் 'பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம்' என்று படிப்பார்கள். நம் பாடநூலில் அது 1 250 000, ஒரு மில்லியன் இருநூற்று ஐம்பதாயிரம். பிள்ளை காற்புள்ளியை அங்கே போட்டுவிட்டு இங்கே இடமதிப்பில் தடுமாறுகிறது.

(ஓர் ஆசிரியர்) என்ன சார் இப்படிச் சொல்லிவிட்டீர்கள்? தமிழில் இருப்பதே கொஞ்சம். அதையும் வேண்டாம் என்றால் பிள்ளை மலாய், ஆங்கில வீடியோவுக்குத்தானே போகும்?

எல்லாவற்றையும் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? ஒளிச்சேர்க்கை அங்கேயும் ஒளிச்சேர்க்கைதான், முக்கோணம் முக்கோணம்தான். பார்க்கட்டும். எண்ணும் பணமும் மட்டும் வேண்டாம் என்கிறேன். ரூபாய் கணக்கில் பழகிய பிள்ளை ரிங்கிட், சென்னில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

(ஒரு தாய்) என் மகன் லட்சம் என்று எழுதி டீச்சர் தப்புப் போட்டுவிட்டார்கள். லட்சம் தமிழ்ச்சொல்தானே?

தமிழில் புழங்கும் வடசொல் அம்மா. பாடநூலில் நூறாயிரம். டீச்சர் மேல் குற்றம் இல்லை.

(அதே ஆசிரியர்) ஒரே எண்ணை இரண்டு விதமாகப் படிக்கத் தெரிந்தால் நல்லதுதானே? நான் இரண்டையும் பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.

சரி, நீங்கள் பக்கத்தில் நின்று எழுதிக் காட்டினால் நல்லதுதான். தனியாகப் பார்க்கும் பிள்ளைக்கு யார் காட்டுவது? நீங்கள் நினைக்காத இன்னொன்றும் இருக்கிறது. இடைநிலைப்பள்ளி முதலாம் படிவத்தில் பாடம் மலாய்க்கு மாறும்; பின்னம் 'பெச்சஹான்' ஆகிவிடும், இடமதிப்பு 'நிலாய் தெம்பாட்' ஆகிவிடும். ஆறாம் ஆண்டுப் பிள்ளை மலாய் வீடியோவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதில் தமிழுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வேண்டுமானால் நீங்களே நம் பாடத்திட்டத்துக்கு ஐந்து நிமிட வீடியோ எடுங்கள், முதலில் நான் பகிர்கிறேன்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) தமிழுக்கு எந்த ஆப் நல்லது?

மறுபடியும் ஆப்பா? மதுரைத் திட்டம் 1998-இலிருந்து பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் வைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் நூல்கள் இருக்கின்றன. பழைய தேர்வுத்தாளை எழுதிப் பாருங்கள் தம்பி.

பத்து வயது மகனுக்கு டிக்டாக் கணக்கு திறந்து தரலாமா? படிப்புக்குத்தான்.

டிக்டாக் விதியே 13 வயது என்கிறது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் திறந்து கொடுத்துவிட்டு என்னிடம் வந்து கேட்காதீர்கள். மைகிட் எண்ணையும் எங்கேயும் போடாதீர்கள்.

மகன் முதல் தவணையில் எல்லாப் பாடத்திலும் ஏ. அறிக்கை அட்டையைக் குழுவில் போட்டிருக்கிறேன், பாருங்கள் சார்!

வாழ்த்துகள். மைகிட் எண் தெரிகிறது. உடனே அழியுங்கள்.

சார், நாளை வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

பென்சில், அழிப்பான், பாதி மிச்சமுள்ள பழைய நோட்டு. கைப்பேசி வேண்டாம். மழை பெய்தால் மண்டபத்துப் பின்வாசல் வழியாக வாருங்கள், முன்பக்கம் தண்ணீர் தேங்கும்.